வேர்க்கிற பிள்ளைக்கு மெத்தை வாங்கப் போகிறீர்களா?

மதுரையில் மொட்டைமாடிக்கு நேர் கீழே வாடகைக்குக் குடியிருப்பவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். கீழ்வீட்டுக்காரர்களும், வாசலில் வேப்பமரம் வாய்த்தவர்களும் தாராளமாகப் படிக்கலாம். ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கும் தளம் அனலை இறக்கிக்கொண்டிருக்கும் அறையில் பிள்ளையைப் படுக்கவைப்பவர்களுக்குத்தான் என் வயிற்றெரிச்சல் முழுசாகப் புரியும்.

என் மகனுக்கு ஏழு வயது. கண்ணயர்ந்த கொஞ்ச நேரத்தில் தலை நனைந்துவிடும். பிடரியில் கை வைத்தால் சொதசொதவென்று இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு இது சகஜம். தூக்கம் ஆழமாகப் பிடிக்கும் முன்னிரவில் உடம்பு உள்சூட்டைக் குறைத்துக்கொள்ளப் பார்க்கும். ரத்தம் தோலுக்கு ஓடிவரும், வேர்க்கும், அந்த வேர்வை காய்ந்தால் சூடு இறங்கும். காய வழியில்லாவிட்டால் பிள்ளை புரளும், உதைக்கும், எழுந்து உட்கார்ந்து அழும். முதுகில் வேர்க்குரு பொரிந்துவிடும். எங்கள் வீட்டில் இதற்குக் கிடைத்த விளக்கம் வேறு. "பிள்ளைக்குச் சூட்டுப் பண்டமாக் குடுக்கிற, அதான்" என்று மாம்பழம், முட்டை, கோழி எல்லாவற்றையும் கூண்டில் ஏற்றினார்கள். அவன் எதன் மேல் படுத்திருக்கிறான் என்று ஒருவரும் பார்க்கவில்லை.

கடைசியில் என் கணவருடைய அக்காதான் படுக்கையைப் பார்த்தார். பார்த்ததோடு விட்டிருந்தால் நல்லது. "ஏன்டா தம்பி, ஒத்தப் பிள்ளைய இப்படிப் பழைய மெத்தைல போட்டு வச்சிருக்க? நல்லதா ஒண்ணு வாங்கிக் குடுடா" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே டவுனுக்குள் ஒரு பெரிய கடையில் நின்றோம். ஜெல் வைத்த மெமரி ஃபோம் மெத்தை. கடைப்பையன் என் கையைப் பிடித்து வைக்காத குறை: "தொட்டுப் பாருங்கம்மா, ஜில்லுன்னு இருக்கா?" ஜில்லென்றுதான் இருந்தது. அந்தக் கடை முழுக்க ஏசி ஓடியது, அங்கே மேசையைத் தொட்டாலும் ஜில்லென்றுதான் இருக்கும்.

"ஏங்க, இங்க ஏசி ஓடுது. நம்ம ரூம்ல என்ன ஓடுது?" என்று கேட்டேன். "அக்கா சொல்றாங்கள்ல" என்றார். என் தையல் காசில் பாதி அதில் போனது.

இந்த மெத்தை ஏன் ஆகாது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இன்றும் அக்காவிடம் இதை முழுசாகச் சொல்லி முடிக்க எனக்கு வாய்ப்பு கிடைக்கவில்லை. மெமரி ஃபோம் என்பது 1960களில் அமெரிக்காவின் நாசாவுக்காக, விமான இருக்கைகளில் அதிர்ச்சியைத் தாங்குவதற்கென்று உருவாக்கிய பொருள். உடம்புச் சூடு பட்டதும் இளகி, உடம்பின் வடிவத்துக்கே குழிந்துகொடுப்பது அதன் குணம். மூட்டு வலிக்காரர்களுக்கு அது சுகம். வேர்க்கிற பிள்ளைக்கு அதுவே வினை. குழியில் அமிழ்ந்த உடம்பின் இரண்டு பக்கமும் ஃபோம் அணைத்துக்கொள்ளும். காற்று படுகிற தோல் குறைந்துவிடும். மேலே மின்விசிறி எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் முதுகுக்கு ஒரு பொட்டுக் காற்று போகாது.

ஜெல்லின் கதை இன்னும் வேடிக்கை. அது கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்ளும், உண்மை. ஆனால் பக்கத்தில் இருப்பதைவிடத் தான் குளிர்ந்திருந்தால்தானே வாங்க முடியும்? தோலின் சூடு ஏறக்குறைய 34 டிகிரி. சித்திரை மாத ராத்திரி எங்கள் அறையும் அதற்குப் பக்கத்தில்தான் நிற்கும். பகல் முழுக்க அந்த அறையில் கிடந்த ஜெல்லும் அதே சூட்டில் இருக்கும். பிள்ளை படுக்கும் முன்பே அதன் வேலை முடிந்துவிட்டது.

மெத்தையோடு போயிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். கடையில் அதன் மேல் வாட்டர்ப்ரூஃப் உறை ஒன்றைத் தள்ளிவிட்டார்கள். துணி மாதிரி இருக்கும், அடிப்பக்கம் திருப்பிப் பார்த்தால் பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும். என் மகன் படுக்கையில் ஒன்றுக்குப் போவதை நிறுத்தி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, இருந்தாலும் "இருக்கட்டும்" என்றார்கள். அதற்குள்ளே மெத்தை வந்த பிளாஸ்டிக் கவரையும் பிரிக்கக் கூடாதாம், "புதுசு, அழுக்காயிரும்." கார் இருக்கையிலும் ஃபிரிட்ஜ் கைப்பிடியிலும் கவரைக் கிழிக்காமல் வைத்திருக்கும் குடும்பம் அது, மெத்தைக்கு மட்டும் விதிவிலக்கு தருவார்களா? எல்லாவற்றுக்கும் மேலே, கார்ட்டூன் படம் போட்ட வழவழப்பான விரிப்பு. அக்காவின் அன்பளிப்பு. பாலியஸ்டர்.

தீர்ப்பைப் பயலே சொன்னான். நடுராத்திரியில் கட்டிலை விட்டு இறங்கி வெறுந்தரையில் குப்புறக் கிடந்தான். தூக்கிப் போட்டால் மறுபடி இறங்கினான். "தரைல படுத்தா சளி பிடிக்கும்" என்று அவனைத்தான் அதட்டினார்கள். சளி கிருமியால் வருவது, தரையால் வருவதில்லை என்று சொன்னால் எதிர்த்துப் பேசுகிறேன் என்று ஆகிவிடும். அம்மா வீட்டிலிருந்து ஒரு கோரைப்பாய் கொண்டுவந்து விரித்தேன். அன்றைக்குத்தான் விடியும்வரை தூங்கினான்.

ஆகவே, படுக்கையை மேலிருந்து பார்க்காதீர்கள், அடியிலிருந்து பாருங்கள். முதலில் கட்டில். அடியில் துணிமணி வைக்கிற பெட்டிக் கட்டிலாக இருந்தால் பலகை காற்றை முழுசாக அடைத்துவிடும். இடைவெளி விட்டுச் சட்டம் அடித்த கட்டில் தேவலை. கயிற்றுக் கட்டிலோ நாடாக் கட்டிலோ கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். அதன் அடியிலிருந்தும் காற்று வரும், அதற்கு மேல் ஒரு பழைய வேட்டியை விரித்தால் போதும்.

மெத்தைதான் வேண்டும் என்றால் தென்னைநார் மெத்தை. நாரை ரப்பர் பாலில் நனைத்து அழுத்திச் செய்வது. உள்ளே இடைவெளி அதிகம், உடம்பு அமிழாது. ஆனால் கடையில் "காயர்" என்று காட்டுவதில் பலவற்றுக்கு மேலே ஒரு அடுக்கு ஃபோம் வைத்துத் தைத்திருப்பார்கள். ஓரத்தை அமுக்கிப் பாருங்கள். குறுக்குவெட்டு மாதிரித் துண்டைக் காட்டச் சொல்லுங்கள், எல்லாக் கடையிலும் வைத்திருப்பார்கள், கேட்டால்தான் எடுப்பார்கள்.

இலவம்பஞ்சு மெத்தை குளிர்ச்சி என்பார்கள். தேனிப் பக்கம் போடியில் அதற்கென்றே வியாபாரம் நடக்கிறது. எனக்கும் அது பிடிக்கும், ஆனால் விஷயத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும். இலவம்பஞ்சு தானாகக் குளிராது. இழை உள்ளே வெறும் குழல், மேலே மெழுகுப் பூச்சு, அதனால் லேசில் நனையாது. ஒருகாலத்தில் கப்பல்களின் உயிர்காக்கும் மிதவைச் சட்டைகளில் அதைத்தான் அடைத்தார்கள். வேர்வையை அது குடிக்காது என்பதால் மேலே நல்ல பருத்தி விரிப்பு கட்டாயம் வேண்டும். மெத்தையை இறுக்கமாக அடைக்கச் சொல்லுங்கள், தொளதொளவென்று இருந்தால் அதுவும் குழிந்துவிடும். வாங்கும்போது ஓரத்தையலைப் பிரித்து ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். உடனே நனைந்து மூழ்கினால் மில் கழிவுப் பஞ்சைக் கலந்திருக்கிறார்கள்.

வெயிலில் காயப்போடுகிற விஷயத்திலும் எங்கள் வீட்டில் ஒரு வழக்கு உண்டு. என் மாமியார் காலையில் மெத்தையை மாடியில் போட்டால் சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் இறக்குவார். எட்டு மணிக்குப் பிள்ளை அதில் படுக்கும்போது அது இன்னும் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். "அத்தை, பத்து மணிக்கே இறக்கிரலாம்" என்று எத்தனை தடவை சொன்னேனோ. காலை இளவெயில் போதும், பகலெல்லாம் அறையில் ஆறட்டும்.

இப்போது விரிப்பு. கடைக்காரர் த்ரெட் கவுண்ட் 600, 1000 என்பார். அதிகம் என்றால் உயர்ந்தது என்று நினைக்காதீர்கள். நெருக்கி நெய்தால் காற்று போகாது, பல நேரம் முறுக்கிய இழையைப் பிரித்து எண்ணித்தான் அந்தக் கணக்கே வரும். 200க்கும் 300க்கும் நடுவே, சாதாரண நெசவில், கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும் பருத்தி போதும். பளபளப்பாக வழுக்கினால் வைத்துவிடுங்கள். "காட்டன் ஃபீல்", "மைக்ரோ காட்டன்" என்று எழுதியிருந்தால் அதில் காட்டன் இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். சாதாரண ஈரப்பதத்தில் பருத்தி தன் எடையில் 7, 8 சதவீதம் நீரைப் பிடித்துவைக்கும், பாலியஸ்டர் அரை சதவீதம்கூடப் பிடிக்காது. ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணியாகக் கெட்டிப்படும். அக்கா தந்த விரிப்பில் எனக்கு மணிதான் கிடைத்தது.

சென்னிமலைக் கைத்தறி விரிப்பு வாங்கினேன், கோ-ஆப்டெக்ஸில் தள்ளுபடி நேரத்தில். அதைவிட நன்றாக உழைப்பது என் அப்பாவின் பழைய எட்டு முழ வேட்டி. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்திக்கு இணை எந்தக் கடையிலும் இல்லை. துவைக்கும்போது வாசனைத் திரவம் ஊற்றாதீர்கள், இழை மேல் படிந்து வேர்வையை உறிஞ்ச விடாது.

பாய்க்குப் பத்தமடை தேவையில்லை. பட்டுப் போன்ற அந்தப் பாய் கல்யாணத்துக்கு. பிள்ளை புரள்வதற்கு முசிறி, கரூர்ப் பக்கத்துச் சாதாக் கோரைப்பாயே சரி. துணிக்கரை கட்டியதாக வாங்குங்கள், இல்லாவிட்டால் ஓரம் குத்தும். மெத்தை மேலேயே பாயை விரிப்பதும் உண்டு, எங்கள் தென்னைநார் மெத்தையில் அப்படித்தான் போடுகிறேன். வண்ண வண்ணமாகத் தொங்கும் பிளாஸ்டிக் பாயைத் தொடாதீர்கள், வேர்த்த முதுகில் ஒட்டிக்கொண்டு வரும்.

தலையணை சின்னதாக, மெலிசாக, இலவம்பஞ்சில் இருக்கட்டும். ஒரு வயதுக்குக் கீழே தலையணையே கூடாது. வெட்டிவேர் தலையணை என்று ஒன்று விற்கிறார்கள். வெட்டிவேர்த் தட்டி குளிர்வது நாம் தண்ணீர் தெளிப்பதால். காய்ந்த வேரை உறைக்குள் வைத்தால் மணம் மட்டும் வரும்.

குறட்டை விட்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு வேர்த்தாலோ, கூடவே காய்ச்சலோ எடை குறைவதோ இருந்தாலோ மெத்தைக் கடைக்குப் போகாமல் குழந்தை மருத்துவரிடம் போங்கள்.

"இவ்வளவு பாடு எதுக்கு, ஏசி போட்டாத் தீர்ந்தது" என்பதும் அக்காவின் யோசனைதான். வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க வீட்டுக்காரர் விட மாட்டார். விட்டாலும் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் படி மாறி, பில் எங்கேயோ போய்விடும். அதை அக்கா கட்டப்போவதில்லை.

ஐப்பசி மழையில் தரை சில்லிட்டதும் பாய்க்கு அடியில் பவானி ஜமக்காளத்தைப் போடுகிறேன், பங்குனி பிறந்ததும் எடுத்துவிடுகிறேன். மெமரி ஃபோமைப் பாதி விலைக்கும் கீழே விற்றாயிற்று. வாங்க வந்தவரிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன், பிளாஸ்டிக் கவரை அவர் எதிரிலேயே கிழித்தும் கொடுத்தேன். அவர் வீட்டில் ஏசி இருக்கிறதாம். முதுகு வலிக்கிற அவருடைய அம்மாவுக்கு வாங்கிப் போகிறார்.