பங்குச் சந்தையில் கணினியின் கை: திரையில் கண்டறிவது எப்படி?

கல்லாவில் அமர்ந்தபடியே கைப்பேசியில் ஆப்ஷன் வாங்கி விற்கும் வணிகர்கள் இன்று நம் வடக்கனந்தலிலும் உண்டு. சரக்கு எடுக்க வைத்திருந்த முதலை அதில் போட்டுவிட்டு, "செய்தி ஒன்றுமே இல்லையே, விலை ஏன் இப்படிக் குதித்தது?" என்று கேட்பவர்களுக்காக இந்தப் பாடம்.

விலை கேட்பதையும், கேட்ட விலையைத் திரும்பப் பெறுவதையும் ஒரு நொடியில் ஆயிரம் பங்கிற்கும் குறைவான நேரத்தில் செய்து முடிப்பது அதிவேகக் கணினி வணிகம். 2010-ம் ஆண்டு முதல் தேசியப் பங்குச் சந்தை தன் வளாகத்திலேயே தரகர்களின் கணினிகளுக்கு வாடகைக்கு இடம் தருகிறது. தூரம் குறைந்தால் நேரம் மிச்சம்.

நமது ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் மறைமுக ஏலத்தில் ஒருவர் எழுதிப் போடும் விலை அடுத்தவருக்குத் தெரியாது. பங்குச் சந்தையிலோ முதல் ஐந்து விலைகளும் அளவுகளும் திரையில் தெரியும். அந்த ஐந்து வரிகளைப் பாருங்கள். திடீரென்று பெரிய அளவில் ஒரு கேள்வி தோன்றும். கிராக்கி இருக்கிறதென்று விலை ஏறும். விற்பவர் அந்த விலைக்கு இறங்கி வந்ததும் கேள்வி மறைந்துவிடும். ஒரு முறை என்றால் மனமாற்றம் எனலாம். திரும்பத் திரும்ப நடந்தால் அது வாங்குவதற்காக வைத்த கேள்வி அன்று. ஆனால் நம் கைப்பேசிக்கு வருவது நொடிக்குச் சில படங்கள் மட்டுமே. இடையில் நடப்பது நம் கண்ணில் படாது.

ஒரு நிமிட வரைபடத்தில் விலை ஊசிபோல் கீழிறங்கி உடனே பழைய இடத்துக்குத் திரும்பினால் அதுவும் ஓர் அடையாளம். எனினும் அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது. 2012 அக்டோபர் 5-ல் நிஃப்டி 900 புள்ளிகள் வரை சரிந்தபோது காரணம் மனிதத் தவறு: ஒரு தரகு நிறுவனத்திலிருந்து சுமார் 650 கோடி ரூபாய்க்குத் தவறாகச் சென்ற 59 ஆணைகள்.

மூன்றாவது அடையாளமே நம்மவர்களை அதிகம் பாதிப்பது. 2024 ஜனவரி 17, பேங்க் நிஃப்டி ஆப்ஷன்களுக்கு எக்ஸ்பயரி நாள். முந்தின மாலை வந்த எச்.டி.எஃப்.சி. வங்கியின் காலாண்டு முடிவால் சந்தை சரிவுடன் திறந்தது. அன்று காலை அமெரிக்காவின் ஜேன் ஸ்ட்ரீட் குழுமம் வங்கிப் பங்குகளையும் அவற்றின் ஃப்யூச்சர்களையும் சுமார் 4,370 கோடிக்கு வாங்கியது. அதே வேளையில் சந்தை இறங்கினால் லாபம் தரும் ஆப்ஷன்களை அதைவிடப் பல மடங்கு சேர்த்தது. நண்பகலுக்குச் சற்று முன்பிருந்து பங்குகளை விற்றுத் தள்ளியது. 2025 ஜூலை 3-ல் செபி வெளியிட்ட இடைக்கால ஆணை கூறுவது இது. பங்கில் 61.6 கோடி நஷ்டம், ஆப்ஷனில் 734.93 கோடி லாபம் என்கிறது அந்த ஆணை. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்து மேல்முறையீடு செய்தது.

கெட்ட செய்திக்குப் பிறகும் வங்கிப் பங்குகள் ஒன்றாக ஏறுகின்றன, அன்று எக்ஸ்பயரி என்றால், யார் வாங்குகிறார் என்று நமக்குத் தெரிய வழியில்லை. கை வைக்காமல் இருப்பது நம் வசம்.

எல்லாக் கணினி வணிகமும் மோசடி அன்று. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி குறைந்ததில் அதற்கும் பங்குண்டு. ஆனால் 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் ஃப்யூச்சர், ஆப்ஷனில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்தனர் என்று செபியின் ஆய்வு கூறுகிறது. 2023-24-ல் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் இதில் ஈட்டிய லாபத்தில் 97 சதவீதம் கணினி வழியே வந்தது.

பங்கு வாங்கியே தீர வேண்டும் என்பவர்கள் 'மார்க்கெட் ஆர்டர்' போடாமல், விலையைக் குறிப்பிட்டு 'லிமிட் ஆர்டர்' போடவும். ஊசிபோல் விலை பாயும் நிமிடத்தில், நாம் எழுதிய விலைக்கு மேல் ஒரு பைசாகூட அது நம்மிடம் வாங்க முடியாது.