ஒரே சிஸ்டம், பல சாதனங்கள்: ஹூவாவேயின் ஹார்மனி ஓ.எஸ்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய ஒருவரிடம், “உங்கள் கம்ப்யூட்டரில் என்ன ஆப்பரேட்டிங் சிஸ்டம் உள்ளது?” என்று கேட்டுப் பாருங்கள். “கடைக்காரர் போட்டுக் கொடுத்தது” என்பார். தவறில்லை. கம்ப்யூட்டரை இயக்கினால் திரை வருகிறது, மவுஸ் நகர்கிறது, பாட்டு பாடுகிறது. இவற்றுக்கெல்லாம் பின்னால் இருந்து வேலை வாங்குகிற மேஸ்திரியின் பெயர் என்னவென்று யார் கவலைப்படுகிறார்கள்? மேஸ்திரி வேலையை நிறுத்தும்போது தான் அவர் நினைவு வருகிறது.

எங்கள் வீட்டில் அது ஒரு கேமராவால் வந்தது. சில ஆண்டுகளுக்கு முன்னர் வாசலில் ஒரு சிறிய வை-பி கேமரா மாட்டினேன். நான் அலுவலகத்தில் இருந்தபடியே மொபைலில் வாசலைப் பார்க்கலாம். நன்றாகத்தான் இருந்தது. ஒரு நாள் படம் வரவில்லை. கேமராவில் பழுதில்லை, மின்சாரமும் இன்டர்நெட் இணைப்பும் இருந்தன. விசாரித்ததில், அதைத் தயாரித்த நிறுவனம் அந்த மாடலுக்கான சர்வரை மூடிவிட்டது தெரிந்தது. என் அம்மா ஒரு கேள்வி கேட்டார். “காசு கொடுத்து வாங்கியாச்சு. நம்ம பொருளை அவன் எப்படிடா நிறுத்துவான்?”

சாப்ட்வேர் எழுதிச் சம்பளம் வாங்கும் எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. இதே கேள்வி 2019-ல் உலகின் மிகப் பெரிய மொபைல் போன் நிறுவனங்களில் ஒன்றுக்கு எழுந்தது. அதற்கு அந்நிறுவனம் சொன்ன பதில் தான் ஹார்மனி ஓ.எஸ். அதனை வைத்து, ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்றால் என்ன என்பதனையும் இந்தக் கட்டுரையில் பார்த்துவிடலாம்.

ஒரு தடை, ஒரு திருப்பம்

ஹூவாவே சீனாவின் ஷென்ஜென் நகரில் 1987-ல் தொடங்கப்பட்ட நிறுவனம். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் கருவிகளில் ஆரம்பித்து, மொபைல் போன் வரை வந்தது. அதன் போன்களில் இயங்கியது கூகுளின் ஆண்ட்ராய்ட். 2019 மே மாதம் அமெரிக்க வர்த்தகத் துறை ஹூவாவேயைத் தன் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அமெரிக்க நிறுவனங்கள் அரசின் அனுமதியின்றி அதற்குத் தொழில்நுட்பம் தரக் கூடாது என்பது இதன் பொருள்.

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆண்ட்ராய்ட் என்று நாம் ஒரே பெயரில் அழைப்பது உண்மையில் இரண்டு பகுதிகள். ஒன்று, ஓப்பன் சோர்ஸ் பகுதி. இதனை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்து, மாற்றி, தங்கள் சாதனத்தில் பயன்படுத்தலாம். இதற்குத் தடை இல்லை. இன்னொன்று, கூகுளின் சேவைகள். பிளே ஸ்டோர், ஜிமெயில், யூடியூப், மேப்ஸ் போன்றவை இதில் அடங்கும். இவற்றுக்குக் கூகுளின் உரிமம் வேண்டும். புதிய மாடல்களுக்கு அந்த உரிமம் கிடைக்காமல் போயிற்று. 2019 செப்டம்பரில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் வெளியிடப்பட்ட மேட் 30 போன் பிளே ஸ்டோர் இல்லாமலேயே வந்தது. போன் அருமையாக இருந்தது, ஆனால் சீனாவுக்கு வெளியே வாங்குபவர் அதனை வைத்துக் கொண்டு என்ன செய்வார்?

இதற்கு ஒரு மாதம் முன்னதாகவே, ஆகஸ்ட் 9 அன்று, டோங்குவான் நகரில் நடந்த தன் டெவலப்பர் மாநாட்டில் ஹூவாவே ஹார்மனி ஓ.எஸ்.ஸை அறிவித்துவிட்டது. சீன மொழியில் இதன் பெயர் ஹோங்மெங். உலகம் உருவாவதற்கு முன் இருந்த ஆதி நிலையைக் குறிக்கும் பழஞ்சொல் இது. முதலில் இது வந்தது போனில் அல்ல, டிவியில். அப்போது ஹூவாவேயிடம் இருந்த ஹானர் பிராண்டின் ஹானர் விஷன் டிவி தான் அந்த முதல் சாதனம். போனுக்கு இது முழுமையாக வந்தது 2021 ஜூன் மாதத்தில் தான்.

கேர்னல் என்னும் கல்லாப் பெட்டி

ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியைக் கேர்னல் என்பார்கள். மெமரியைப் பங்கிடுவது, எந்தப் புரோகிராமுக்கு எப்போது பிராசசரைத் தருவது என முடிவு செய்வது போன்ற அடிப்படை வேலைகள் இதனுடையவை. இதனை அமைப்பதில் இரண்டு வழிகள் உண்டு.

ஒரு மளிகைக் கடையை எடுத்துக் கொள்ளுங்கள். முதலாளி ஒருவரே கல்லாவில் உட்கார்கிறார், எடை போடுகிறார், பொட்டலம் கட்டுகிறார், குடோனுக்கும் போய் வருகிறார். யாரையும் கேட்க வேண்டியதில்லை என்பதால் வேலை மளமளவென்று நடக்கும். ஆனால் குடோனில் அவர் வழுக்கி விழுந்தால் கடையையே மூட வேண்டியது தான். லினக்ஸ் கேர்னல் ஏறக்குறைய இந்த வகை. பைல் சிஸ்டம், டிரைவர்கள் எல்லாம் கேர்னலுக்குள்ளேயே இயங்குகின்றன.

இன்னொரு கடையில் முதலாளி கல்லாவை விட்டு எழுந்திருப்பதே இல்லை. எடை போட ஒருவர், பொட்டலத்துக்கு ஒருவர், குடோனுக்கு ஒருவர் எனத் தனித்தனி ஆட்கள். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் வேறு ஆளை நிறுத்திக் கொள்ளலாம், கடை நடக்கும். எடை போடுபவர் கல்லாவில் கை வைக்கவும் முடியாது. இது மைக்ரோகேர்னல் எனப்படும். இதில் என்ன குறை என்றால், ஒவ்வொரு வேலைக்கும் ஒருவரையொருவர் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். அந்தப் பேச்சிலேயே நேரம் போய்விடும். எது சிறந்தது என்று பேராசிரியர் டேனன்பாமும் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸும் 1992-லேயே கடுமையாக விவாதித்திருக்கிறார்கள். கார்களில் பயன்படும் க்யூ.என்.எக்ஸ். போன்றவற்றில் மைக்ரோகேர்னல் நெடுங்காலமாக உண்டு. போன், கம்ப்யூட்டர் போன்ற பொதுவான சாதனங்களில் தான் வேகம் போதாது என்று தயங்கினார்கள்.

ஹூவாவேயின் பொறியாளர்கள் தங்கள் ஹோங்மெங் கேர்னலில் இந்தப் பேச்சு நேரத்தை எப்படிக் குறைத்தார்கள் என்று 2024 ஜூலையில் அமெரிக்காவின் சான்டா கிளாராவில் நடந்த ஓ.எஸ்.டி.ஐ. ஆய்வு மாநாட்டில் ஒரு கட்டுரை வாசித்தார்கள். அதிகம் பேச வேண்டிய ஆட்களை அருகருகே உட்கார வைத்தது தான் அதில் ஒரு முக்கியமான உத்தி. எல்லாரையும் எல்லாரிடமிருந்தும் ஒரே அளவில் பிரிக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை அவர்கள் தளர்த்திக் கொண்டார்கள். விளம்பரங்களை விட இந்தக் கட்டுரை எனக்கு அதிக நம்பிக்கை தந்தது.

சிறிய சாதனம் முதல் பெரிய சாதனம் வரை

“இணைந்த சாதனங்களுக்கான சிஸ்டம்” என்று இதனை அழைப்பதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 11 இயங்கக் குறைந்தது 4 ஜிபி ராம் வேண்டும். இதே அளவு மெமரியை ஒரு சுவர்க் கடிகாரத்திலோ மின் விளக்கிலோ வைக்க முடியுமா? ஹார்மனியின் ஓப்பன் சோர்ஸ் வடிவமான ஓப்பன்ஹார்மனி, சாதனங்களை மூன்று அளவாகப் பிரிக்கிறது. மிகச் சிறியவற்றுக்கு 128 கேபி மெமரி போதும். அதாவது விண்டோஸ் கேட்பதில் 32,768-ல் ஒரு பங்கு! அடுத்த நிலைக்கு 1 எம்பி. அதற்கு மேல் 128 எம்பி. ஒவ்வொரு நிலைக்கும் ஏற்ற கேர்னல் உள்ளே வைக்கப்படுகிறது. மேலே சாதனங்கள் ஒன்றோடு ஒன்று பேசும் முறை மட்டும் பொதுவாக இருக்கும். இந்த ஓப்பன்ஹார்மனி, ஓப்பன்ஆட்டம் என்ற சீன அறக்கட்டளையிடம் 2020-ல் ஒப்படைக்கப்பட்டது. ஆகவே மற்ற நிறுவனங்களும் இதனை எடுத்துப் பயன்படுத்தலாம்.

அந்தப் பேசும் முறைக்கு சாப்ட் பஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரின் மதர்போர்டில் பிராசசர், மெமரி, மற்ற பாகங்கள் இவற்றுக்கிடையே தகவல் ஓடும் பாதையை பஸ் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பாதையைக் கேபினட்டுக்கு வெளியே, வை-பி மற்றும் புளூடூத் வழியாக நீட்டினால் எப்படியிருக்கும்? ஹாலில் உள்ள டிவிக்குக் கேமரா இல்லை. உங்கள் போனில் இருக்கிறது. டிவியில் வீடியோ கால் பேசும்போது, போனின் கேமராவைத் தன்னுடைய கேமரா போலவே டிவி பயன்படுத்திக் கொள்ளும். போனில் பாதி எழுதிய கடிதத்தை டேப்ளட்டில் தொடரலாம். சாதனங்கள் ஒரே ஹூவாவே அக்கவுண்டில் லாக் இன் ஆகியிருப்பது இதற்கு வேண்டும். பல்பு, டிவி, போன் எல்லாம் ஒரே நிறுவனத்தின் கணக்கில் வந்து நிற்கின்றன என்றால், என் அம்மாவின் கேள்வி இன்னும் பெரிதாகிறதே என்று தான் எனக்குத் தோன்றியது.

உண்மையில் சொந்தச் சரக்கா?

இதுபற்றிப் பல சண்டைகள் நடந்தன. 2021-ல் அமெரிக்க இதழான ஆர்ஸ் டெக்னிக்கா போனுக்கான சோதனைப் பதிப்பை ஆராய்ந்து, இது ஆண்ட்ராய்ட் 10 தான், பெயர்ப் பலகை மட்டும் மாறியிருக்கிறது என்று எழுதியது. அது ஆதாரமற்ற குற்றச்சாட்டு அல்ல. ஹார்மனியின் 2, 3, 4 ஆகிய பதிப்புகளில் ஆண்ட்ராய்டின் ஓப்பன் சோர்ஸ் பகுதி உள்ளே இருந்தது. அதனால் தான் ஆண்ட்ராய்ட் அப்ளிகேஷன்கள் அவற்றில் அப்படியே இயங்கின. “முழுக்கச் சொந்தம்” என்ற பேச்சை அப்போதே அடக்கி வாசித்திருக்கலாம். ஆனால் ஒரு பொறியாளனாகப் பார்த்தால், வேறு வழி அவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. குடியிருக்கும் வீட்டை இடித்துவிட்டுப் புது வீடு கட்டினால், கட்டி முடியும் வரை எங்கே படுப்பது?

அந்தப் பழைய வீட்டை அவர்கள் இடித்தது 2024 அக்டோபரில். ஹார்மனி ஓ.எஸ். நெக்ஸ்ட் என்று அழைக்கப்பட்ட 5-ஆம் பதிப்பு அப்போது சீனாவில் பொதுமக்களுக்கு வெளியானது. இதில் ஆண்ட்ராய்ட் பகுதி நீக்கப்பட்டுவிட்டது, ஏ.பி.கே. பைலை நேரடியாக நிறுவ முடியாது.

ஏன் முடியாது என்று புதியவர்கள் கேட்கலாம். ஒரு புரோகிராம் எதையும் தானாகச் செய்வதில்லை. பைலைத் திற, திரையில் இந்த இடத்தில் எழுது, ஸ்பீக்கரில் ஒலி எழுப்பு என்று ஒவ்வொன்றையும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் கேட்டுத்தான் செய்கிறது. கேட்கும் முறை சிஸ்டத்துக்குச் சிஸ்டம் மாறும். விண்டோஸிடம் கேட்கத் தெரிந்த புரோகிராமுக்கு ஹார்மனியிடம் கேட்கத் தெரியாது. ஆகவே ஹார்மனிக்கென ஆர்க்-டி.எஸ். போன்ற மொழியில் புதிதாக எழுதி, எச்.ஏ.பி. வகைப் பைலாகத் தர வேண்டும்.

இங்கே தான் உண்மையான பரீட்சை. கேர்னலை எழுத ஒரு நிறுவனத்தின் ஆட்கள் போதும். அப்ளிகேஷன்களை எழுத ஊரே வர வேண்டும். மைக்ரோசாப்ட்டின் விண்டோஸ் போன் எவ்வளவோ அழகாக இருந்தும், அப்ளிகேஷன்கள் போதாமல் நின்று போயிற்று. ஹார்மனி 5 வெளியானபோது 15,000-க்கு மேற்பட்ட அப்ளிகேஷன்களும் சேவைகளும் உள்ளன என்றது ஹூவாவே. சீனாவில் வீசாட் இல்லாத போனை யாரும் இலவசமாகக் கூட வாங்க மாட்டார்கள். அதன் சோதனைப் பதிப்பே அந்த அக்டோபரில் தான் குறைந்த பேருக்கு மட்டும் வந்தது. பயனாளரின் தேவைகள் நிறைவேற 1 லட்சம் அப்ளிகேஷன்கள் வேண்டும் என்று நிறுவனத்தின் தலைவர்களில் ஒருவரான எரிக் சூ 2024 நவம்பரில் குறிப்பிட்டார். 15,000 எங்கே, 1 லட்சம் எங்கே!

2025 மே மாதம் கம்ப்யூட்டருக்கும் ஹார்மனி வந்தது. மேட்புக் புரோ, முழுக்கத் திரையாகவே விரிந்து மடியும் மேட்புக் போல்ட் என இரண்டு லேப்டாப்கள் சீனாவில் விற்பனைக்கு வெளியாயின. கடிதம், கணக்கு வேலைகளுக்கு டபிள்யூ.பி.எஸ். ஆபீஸ் கிடைத்தது. ஆனால் நீங்கள் விண்டோஸில் டபுள் கிளிக் செய்திடும் இ.எக்ஸ்.இ. பைல் இதில் நேரடியாக இயங்காது. உறவினர் யாராவது சீனாவிலிருந்து இத்தகைய லேப்டாப் வாங்கி வருகிறேன் என்றால், உங்கள் டேலி கணக்குப் புரோகிராம் அதில் இயங்குமா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

உங்கள் கம்ப்யூட்டரில் பாருங்கள்

இப்போது நம் மேஜைக்கு வருவோம். விண்டோஸ் கீயை அழுத்திக் கொண்டு ஆர் கீயை அழுத்துங்கள். ஒரு சிறிய கட்டம் கிடைக்கும். அதில் வின்வெர் என்பதற்கான ஆறு ஆங்கில எழுத்துகளை, இடைவெளியின்றி டைப் செய்து என்டர் தட்டுங்கள். உங்கள் விண்டோஸின் பெயரும் பதிப்பு எண்ணும் காட்டப்படும். அதில் விண்டோஸ் 10 என்று இருந்தால், அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. கம்ப்யூட்டர் தொடர்ந்து இயங்கும். புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகள் தான் அடைபடாது. விண்டோஸ் 11-க்கு மாற முடியுமா எனப் பாருங்கள். பழைய கம்ப்யூட்டர் இடம் தராவிட்டால், இலவசமான லினக்ஸ் தொகுப்பு ஒன்றை முயற்சிக்கலாம். மாறுவதற்கு முன் உங்கள் பைல்களை வெளியே ஒரு டிரைவில் காப்பி எடுத்து வைத்துக் கொள்ளுங்கள்.

இன்டர்நெட்டில் இணையும் கேமரா, பல்பு, பிளக் போன்றவற்றை வாங்கும்போது கடையில் இரண்டு கேள்விகள் கேளுங்கள். எத்தனை ஆண்டுகளுக்கு அப்டேட் தருவார்கள்? இன்டர்நெட் இல்லாதபோது, அல்லது நிறுவனத்தின் சர்வர் இல்லாதபோது, இது என்ன வேலை செய்யும்? இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலான கடைகளில் பதில் கிடைக்காது. அட்டைப் பெட்டியில் மெமரி கார்டு போடும் வசதி குறிக்கப்பட்டிருந்தால், சர்வர் இல்லாமலும் கேமரா பதிவு செய்திட வாய்ப்பு உண்டு. நான் வாங்கியதில் அந்த வசதி இல்லை.

அந்தக் கேமரா இன்னும் எங்கள் வாசலில் தான் இருக்கிறது. கழற்றப் போனபோது அம்மா தடுத்துவிட்டார். அது வேலை செய்யாது என்று திருடனுக்கா தெரியப் போகிறது என்கிறார்.