துணிக் குவியலில் தெரியும் வேலை

கேள்வி: வீடு கலைந்து கிடந்தால் எனக்குப் படபடப்பாக வருகிறது. என் கணவருக்கோ எதுவும் உறைப்பதில்லை. இது என் மனப்பிரமையா?

பதில்: பிரமை இல்லை. டார்பி சாக்ஸ்பி, ரெனா ரெபெட்டி என்ற உளவியலாளர்கள் லாஸ் ஏஞ்சலிஸில், இருவருமே வேலைக்குப் போகும் 30 தம்பதிகளை ஆராய்ந்து 2010இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கேமராவோடு வீட்டைச் சுற்றிக் காட்டிப் பேசச் சொன்னார்கள். எச்சிலில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவையும் பார்த்தார்கள். காலையில் உச்சத்தில் இருக்கும் இந்த ஹார்மோன் பொழுது சாய்வதற்குள் நன்றாக இறங்க வேண்டும். வீடு அடைசல், வேலை இன்னும் முடியவில்லை என்ற ரீதியில் பேசிய மனைவியருக்கு அந்த இறக்கம் குறைவு. கணவர்களிடம் இது தெளிவாகத் தெரியவில்லை. அதே வீடு, அதே சாமான்தான். ஆகவே உடம்பை உறுத்துவது பொருளல்ல, பொறுப்பு என்றே நான் நினைக்கிறேன். கொடியிலிருந்து எடுத்து நாற்காலியில் போட்ட துணி அவருக்கு வெறும் துணி. உங்களுக்கோ அரைமணி நேர வேலை.

ஏற்கெனவே சோர்ந்தவர்களுக்குத்தான் வீடு குப்பையாகத் தெரியும் என்று மறுக்கலாம். நியாயம்தான். மணவாழ்வின் திருப்தியையும் எளிதில் கவலைப்படும் சுபாவத்தையும் கணக்கில் எடுத்த பிறகும் தொடர்பு நீடித்தது. என்றாலும் எது காரணம், எது விளைவு என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கக்கூடும். எப்படியானாலும் புது அலமாரி (அதையும் துடைக்கப்போவது நீங்கள்தான்!) பெரிதாக உதவாது. துணி மடிப்பதை, நினைவூட்டும் வேலையோடு சேர்த்து, முழுசாக அவரிடம் ஒப்படையுங்கள்.