மண்ணைப் படிப்போம்: நாலரை ஏக்கர் திராட்சையும் நம்ம கண்மாய் நெல்லும்



இந்த மாதப் பாடம் பிரான்ஸ் நாட்டுச் சிவப்பு ஒயின் பற்றியது. "இயற்கை விவசாயப் பத்திரிகையில் ஒயினா?" என்று முகம் சுளிக்க வேண்டாம். குடிக்கிற கதை இங்கே கிடையாது. விளைபொருளின் ருசியை மண்ணோடு சேர்த்து, அந்த மண்ணின் பேரிலேயே விற்கிற வேலையை அங்குள்ள திராட்சை விவசாயிகள் பல நூறு வருஷமாகச் செய்துவருகிறார்கள். ஆவுடையார்கோவில் பக்கம் கண்மாய்த் தண்ணீரில் பாரம்பரிய நெல் போடுகிறவன் நான். அவர்கள் கதையைப் படித்தபோது, இது நமக்கான பாடம் என்று பட்டது.

ஒரே ரகம், 1,247 பெயர்

பிரான்சின் கிழக்கே பர்கண்டி என்று ஒரு பகுதி. அங்கே சுமார் 50 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மலைச்சரிவு. சுண்ணாம்புப் பாறையும் சுண்ணாம்பு கலந்த களியுமான மண். சிவப்பு ஒயினுக்கு அங்கே பிரதானமாக ஒரே ரகம்தான், 'பினோ நுவார்'. ஆனால் அந்தச் சரிவை 1,247 துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்திருக்கிறார்கள். 2015இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

சரிவின் உச்சியில் மண் மேலோட்டமாக இருக்கும். அடியில் ஆழமான, ஈரம் நிற்கிற மண். நாமாக இருந்தால் அடியில் இருப்பதைத்தான் நல்ல பூமி என்போம். அங்கே மதிப்பு நடுச்சரிவுக்கு. தண்ணீர் தேங்காமல் வடியும், காலை வெயில் விழும், வேர் பாறை இடுக்கில் ஆழமாகப் போகும். அடி நிலத்து ஒயினுக்குச் சாதாரண விலைதான்.

அந்த நடுச்சரிவில் 'ரொமானே கோந்தி' என்று ஒரு துண்டு. பரப்பு 1.8 ஹெக்டேர், அதாவது சுமார் நாலரை ஏக்கர். ரசாயனம் இல்லாத பயோடைனமிக் முறையில் பயிர் செய்கிறார்கள். 1945இல் அந்த நாலரை ஏக்கரில் கிடைத்தது 600 பாட்டில்தான். அதில் ஒரு பாட்டில் 2018இல் நியூயார்க் ஏலத்தில் 5,58,000 டாலருக்குப் போனது. பணக்காரர்களின் பைத்தியக்காரத்தனம் என்று சிரிக்கலாம். ஆனாலும் நாலரை ஏக்கருக்கு ஒரு பேர் இருக்கிறது, அந்தப் பேருக்கு ஒரு விலை இருக்கிறது. அதை மனதில் வையுங்கள்.

நிலம் துண்டு துண்டாகிப் போச்சே என்று நாம் புலம்புகிறோம் இல்லையா? அங்கேயும் அதே கதைதான். 'க்ளோ த வூஜோ' என்ற தோட்டம் ஒரு காலத்தில் கிறிஸ்தவத் துறவிகள் மதில் கட்டி வைத்திருந்தது. சுமார் 50 ஹெக்டேரில் இன்று ஏறத்தாழ 80 உடைமையாளர்கள். ஆளுக்குச் சில வரிசைக் கொடி. நிலம் உடைந்தாலும் பேர் உடையவில்லை.

குறைவாகக் காய்த்தால் ருசி ஏன் கூடுகிறது?

சிவப்பு ஒயினின் நிறமும் மணமும் துவர்ப்பும் பெரும்பாலும் பழத்தின் தோலிலிருந்து வருகிறது. சாற்றைத் தோலோடு சேர்த்தே புளிக்க வைக்கிறார்கள். பழம் சின்னதாக இருந்தால் சாறு குறைவு, தோல் அதிகம், ருசி கெட்டி. தழைச்சத்தும் தண்ணீரும் அளவுக்கு மீறிக் கொடுத்தால் பழம் ஊதிப் பெருக்கும், இலை மூடி வெயில் படாது, நோய் வரும், ருசி தண்ணீராகிவிடும். யூரியா போட்டு வளர்த்த கீரையைச் சமைத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதை அவர்கள் நேற்றுக் கண்டுபிடிக்கவில்லை. 1395இலேயே பர்கண்டியை ஆண்ட பிலிப் கோமகன், அதிகம் காய்க்கிற 'காமே' ரகத்தைப் பிடுங்கிப் போடச் சொல்லி ஆணையிட்டார். குறைவாகக் காய்க்கிற பினோவே போதும் என்றார்.

1935இல் பிரான்ஸ் இதற்கெனச் சட்டமே போட்டது. ஊர்ப் பேரைப் பாட்டிலில் போட வேண்டுமானால் நிலத்தின் எல்லை, ரகம், கவாத்து முறை, விளைச்சலின் உச்ச அளவு எல்லாம் விதிப்படி இருக்க வேண்டும். பர்கண்டியின் முதல்தரச் சிவப்பு ஒயினுக்கு ஹெக்டேருக்கு ஏறத்தாழ 3,500 லிட்டர் என்கிற அளவில் வரம்பு. அதற்கு மேல் விளைந்ததை அந்தப் பேரில் விற்க முடியாது.

கம்பம் சொல்கிற சேதி

நம்ம தேனி மாவட்டக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் மூலம் தமிழ்நாட்டுக்கு வந்த ரகம் என்று அதன் வரலாறு சொல்லப்படுகிறது. பிரான்சில் குளிர்காலத்தில் கொடி தூங்கும், வருஷத்துக்கு ஒரு அறுவடைதான். கம்பத்தில் கொடிக்குத் தூக்கமே கிடையாது. கவாத்து அடிக்கிற நாளை மாற்றி மாற்றி வைத்து, வருஷம் முழுக்க அறுக்கிறார்கள். அதே ஆண்டு ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கும் குறியீடு கிடைத்தது. ஆக, ஊர்ப் பேர் நமக்கும் எட்டாத ஒன்று அல்ல. ஆனால் குறியீடு தானாக விலை தந்துவிடாது. தரத்தை நாமே காவல் காத்தால்தான் அந்தப் பேர் விலை பேசும்.

மண் மறக்காது

நாம் அடிக்கிற போர்டோ கலவையின் பிறப்பிடமும் பிரான்சின் ஒயின் நாடுதான். போர்டோ பகுதியில் வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமல் இருக்க, பாதையோரக் கொடிகளில் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து தெளித்து வைத்திருந்தார்கள். அந்தக் கொடிகளை மட்டும் அடிச்சாம்பல் நோய் தாக்கவில்லை என்பதை மில்லார்தே என்ற பேராசிரியர் கவனித்தார். 1885இல் கலவையை வெளியிட்டார். நல்ல மருந்துதான். ஆனால் தாமிரம் மக்காது. வருஷக்கணக்கில் மண்ணில் சேர்ந்து மண்புழுவையும் நுண்ணுயிரையும் பாதிக்கும். ஐரோப்பாவில் இப்போது 7 ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ தாமிரம்தான் உச்ச அளவு. இயற்கை விவசாயத்தில் அனுமதிக்கப்பட்டது என்பதற்காக அளவில்லாமல் அடிக்காதீர்கள். மண்ணின் பேரில் பிழைக்கப் போகிறவன் மண்ணைக் கெடுக்கக் கூடாது.

நம்ம வயலுக்கு வருவோம்

ஆவுடையார்கோவில் ஆத்மநாத சுவாமிக்குப் புழுங்கலரிசிச் சோற்றின் ஆவிதான் நைவேத்தியம். சோற்றின் வாசனையைச் சாமிக்கே படைத்த ஊர் இது. மடைத்தலை வயல் சோறு ஒரு மாதிரி, கடைமடை வயல் சோறு ஒரு மாதிரி என்பது நம்ம பெரியவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு செய்க்கும் பேரும் உண்டு. அந்தப் பேர் எங்கே செத்துப் போகிறது தெரியுமா? ரைஸ் மில்லில். எல்லார் நெல்லும் ஒரே குவியலானதும் மண்ணும் ரகமும் காணாமல் போய், எடை மட்டும் மிஞ்சுகிறது. எடைக்கு விற்கிற போட்டியில் உயரமாக வளர்கிற பாரம்பரிய நெல் ஒரு நாளும் ஜெயிக்காது. உரத்தை ஏற்றினால் சாய்ந்துவிடும். அது ஜெயிக்க வேண்டிய களம் ருசியும் பேரும்தான்.

பயிற்சி

1. கோடையில் ஒவ்வொரு வயலிலும் இரண்டடிக் குழி வெட்டுங்கள். மண்ணின் நிறம், களி, கல், பழைய வேர் இறங்கிய ஆழம், ஈரம் எல்லாவற்றையும் வயலின் பேரோடு நோட்டில் எழுதுங்கள்.

2. ஒரே விதை நெல்லை இரண்டு வயலில் போடுங்கள். இடுபொருள் ஒன்றாக இருக்கட்டும். நெல்லைத் தனித்தனியாகக் காயவைத்து, அவித்து, அரைத்து வையுங்கள். உடனே ஒரு தரமும் ஆறு மாதம் கழித்து ஒரு தரமும் பொங்கிப் பாருங்கள். எது எந்த வயல் என்று சொல்லாமல் வீட்டுப் பெண்களிடம் கொடுத்து ருசி கேளுங்கள்.

3. ஒரே கண்மாய்ப் பாசனத்தில் ஐந்து பேர் கூடி உட்காருங்கள். எந்த ரகம், என்ன இடுபொருள், எப்படி அவிப்பது என்று விதி எழுதுங்கள். விதிப்படி விளைந்த அரிசியை மட்டும் கண்மாயின் பேர் போட்ட பையில் விற்பனைக்குக் கொடுங்கள். விதி மீறிய மூட்டை நம்ம அண்ணன் தம்பியுடையதாக இருந்தாலும் அந்தப் பைக்குள் போகக் கூடாது. கஷ்டமான பாடம் இந்த மூன்றாவதுதான். இந்தச் சம்பாவிலேயே தொடங்கிவிடுங்கள்.