வீட்டில் ஒரு மதரஸா

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ஜுமுஆ முடிந்ததும் இளம் தகப்பன்மார் சிலர் என்னிடம் கேட்பதுண்டு: "ஹஜ்ரத், பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பாமல் நாமே வீட்டில் வைத்துச் சொல்லிக் கொடுத்தால் என்ன?" அவர்களுடைய கவலை நியாயமானதுதான். மூன்று வயதுப் பிள்ளை காலையில் வேன் ஏறுகிறது. மாலையில் மக்தப். அதன் பிறகு டியூஷன். பெற்றோர் பிள்ளையோடு உட்காரும் நேரம் என்று எதுவும் மிஞ்சுவதில்லை.

ஐந்து வயது வரை வீட்டிலேயே வைத்திருப்பதில் நட்டம் ஒன்றுமில்லை. எல்.கே.ஜி. படித்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஐந்து வயது நிறைந்த பிள்ளையை அரசுப் பள்ளியில் நேரே முதல் வகுப்பில் சேர்க்கலாம். ஆறு வயதுக்குப் பின் விஷயம் வேறு. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். 2012இல் வந்த திருத்தம் மதரஸாக்களுக்கு விலக்கு அளித்ததே தவிர, வீடுகளைப் பற்றிப் பேசவில்லை. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். கணக்கும் விஞ்ஞானமும் வருடக்கணக்கில் விடாமல் சொல்லிக் கொடுக்க நம்மில் எத்தனை வீட்டில் ஆள் இருக்கிறது?

கொரோனாக் காலத்தில் இதைக் கண்கூடாகப் பார்த்தோம். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் சின்ன வகுப்புகளுக்கு 2021 நவம்பர் முதல் தேதிதான் திறந்தன. அதற்குள் பிள்ளைகள் மறந்தது ஏராளம். அதைச் சரிக்கட்ட வந்ததே "இல்லம் தேடிக் கல்வி" திட்டம். முதலமைச்சர் அதை 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கி வைத்தது நம் மாவட்டத்து மரக்காணம் ஒன்றியம், முதலியார்குப்பத்தில்தான். அதே தெருவில் வசிக்கும் ஒரு சகோதரி மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் சொன்னார். அவர் பெரிய உபாத்தியாயர் அல்லர். குறித்த நேரம் இருந்தது, குறித்த இடம் இருந்தது. இவை இரண்டும் இல்லாமல் வீட்டுப் பாடமும் நடக்காது.

ஆகவே பள்ளிக்கூடத்தை நிறுத்த வேண்டாம். பள்ளிக்கூடமும் மக்தபும் கொடுக்க முடியாததை வீடு கொடுக்கட்டும். உம்மு ஸலமா நாயகியின் மகன் உமர் இப்னு அபீஸலமா (ரலி) அவர்கள், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பராமரிப்பில் வளர்ந்தவர்கள். சிறு வயதில் சாப்பிடும்போது அவர்களுடைய கை தட்டின் நாலா பக்கமும் ஓடும். பிஸ்மி சொல்லும்படியும், வலக்கையால் உண்ணும்படியும், தமக்கு முன்னால் இருப்பதிலிருந்து எடுக்கும்படியும் நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். அன்று முதல் தம் உணவுமுறை அதுவே ஆகிவிட்டதென்று அவர்களே அறிவிப்பது புகாரியில் இருக்கிறது. அதட்டல் இல்லை, நீண்ட உபதேசம் இல்லை. ஆனால் பெரியவரும் அதே தட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளையின் முன் தட்டை வைத்துவிட்டுக் கையில் செல்போனைக் கொடுக்கிற வீட்டில் இந்தப் பாடம் எப்படி நடக்கும்?

இனி ஓதல். நம் பக்கத்தில் பல வீடுகளில் பேச்சு உருது. பள்ளிக்கூடத்தில் தமிழும் இங்கிலீஷும். மக்தபில் அரபி. குர்ஆன் ஷரீபைக் கடகடவென்று ஓதுகிற பத்து வயதுப் பிள்ளையிடம் அல்ஹம்து சூராவின் அர்த்தத்தைக் கேட்டால் விழிக்கிறது. உஸ்தாதைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு மணி நேரத்தில் அத்தனை பிள்ளைகளுக்கும் ஸபக் கேட்பவர் யாருக்கு எந்த மொழியில் அர்த்தம் சொல்வார்? அது வீட்டு மொழியில், வீட்டில்தான் ஏறும். கடற்கரை ஊர்களில் நம் முன்னோர் இதற்கு வழி கண்டார்கள். ஓதத் தெரிந்தும் தமிழ் எழுத்து அறியாத பெண்களுக்கு எட்டும்படி, தமிழை அரபி எழுத்தில் எழுதினார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் "ஃபத்ஹுத் தய்யான்" என்ற மார்க்கச் சட்ட நூலை அந்த அரபுத் தமிழில்தான் இயற்றினார்கள். மஸ்அலா அடுப்படி வரை போய்ச் சேர்ந்தது அப்படித்தான்.

மக்ரிபுக்குப் பின் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். கடையைச் சாத்திவிட்டு இரவு பத்து மணிக்கு வருகிறவர் சுப்ஹுக்குப் பின் வைத்துக் கொள்ளலாம். ஒரு நாளைக்கு ஓர் ஆயத் போதும். அர்த்தம் தெரியாத தகப்பன் தர்ஜமாவை விரித்து வைத்துப் பிள்ளையோடு சேர்ந்து படிக்கட்டும். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. நானிமாவும் தாதிமாவும் இருக்கிற வீடு கொடுத்து வைத்த வீடு, நபிமார்களின் சரித்திரத்தை அவர்களிடம் விட்டுவிடுங்கள். நான்கு வயதுப் பிள்ளையைத் தொழவில்லை என்று அடிக்கும் தகப்பன்மாரும் இருக்கிறார்கள். தொழும்படி ஏவுவதற்கே ஏழு வயது ஆகட்டும் என்பது ஹதீஸ்.

தாய்மார்கள் கேட்கும் மஸ்அலா ஒன்று உண்டு. மாதவிடாய் நாட்களில் ஓதிக் கொடுப்பதை நிறுத்திவிட வேண்டுமா? ஹனஃபி மத்ஹபின்படி, அந்நாட்களில் ஆயத்தை முழுதாக ஓதாமல் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொல்லிக் கொடுக்கலாம். எழுத்துக் கூட்டிக் கொடுக்கலாம். முஸ்ஹபைத் தொடக் கூடாது, பக்கத்தைப் பிள்ளையே புரட்டட்டும். துஆ, ஸலவாத்து, திக்ரு ஆகியவற்றுக்குத் தடை இல்லை. ஷாஃபிஈ மத்ஹபினர் தங்கள் ஆலிமிடம் விவரம் கேட்டுக் கொள்ளவும். பிள்ளை ஓத, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கொண்டிருப்பது இரு மத்ஹபிலும் கூடும்.