கல்லெழுத்தும் ஒளியும்

பெங்களூரின் தொம்மலூரில் சொக்கநாத சுவாமி கோயில் உள்ளது. பெயரைக் கேட்டுச் சிவன் கோயில் என எண்ணுவோர் பலர். ஆனால் இங்கு எழுந்தருளியிருப்பவர் திருமால். இக்கோயிலில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் காணப்படுகின்றன. அவற்றில் இவ்வூர் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் குறிக்கப்படுகிறது.

தமிழ் அறிந்தவரும் இத்தகைய கல்லின் முன் நின்று, எழுத்தைக் காணாது திகைப்பதுண்டு. எழுத்துகள் தேய்ந்திருப்பது ஒரு காரணம். அவற்றின் பழைய வடிவம் மற்றொன்று. ஒளி விழும் முறையும் ஒரு காரணமே.

கண்ணாடி தன்மேல் விழும் ஒளியை ஒரே திசையில் எதிரொளிக்கும். கருங்கல்லோ மேடுபள்ளம் நிறைந்தது. ஒளியைப் பல திசைகளிலும் சிதறடிக்கும். மேலும், அது ஒரே பொருளால் ஆனதன்று. அதிலுள்ள கரிய துகள்கள் ஒளியைப் பெரிதும் உட்கவர்கின்றன, வெண்துகள்கள் சிதறடிக்கின்றன, காக்கைப்பொன் என்னும் அப்பிரகத் தகடுகள் சிறு கண்ணாடிகள்போல் மின்னுகின்றன. இந்தப் புள்ளிக் கூட்டத்தில் மெல்லிய எழுத்துக்கோடு மறைந்துவிடுகிறது.

ஒளி நேர் எதிரே இருந்து விழுந்தால் பள்ளமும் மேடும் ஏறத்தாழ ஒரேபோல் ஒளிர்கின்றன. பக்கவாட்டில், கல்லை உரசிச் செல்வதுபோல் விழுந்தாலோ, ஒவ்வொரு பள்ளத்தின் ஓரத்திலும் நிழல் படிகிறது. அந்நிழலே எழுத்தாகத் தெரிகிறது. கல்லில் மாவு பூசிப் படிப்போரும் உண்டு. தேய்த்துத் தேய்த்துக் கல்லெழுத்தைக் கெடுப்பதைவிட, ஒரு கைவிளக்கைச் சாய்த்துப் பிடிப்பது எவ்வளவோ மேல்!

கல்வெட்டறிஞர்கள் மற்றொரு முறையையும் கையாள்கின்றனர். ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒட்டித் தூரிகையால் தட்டுவர். தாள் எழுத்தின் பள்ளங்களில் படியும். பின்பு மையை ஒற்றினால் மேடுகள் மட்டும் கறுக்கும். ஒளியை உட்கவரும் கருமைக்கு நடுவே, ஒளியைச் சிதறடிக்கும் வெள்ளைத் தாளாக எழுத்துகள் விளங்கும். தொம்மலூர்க் கல்வெட்டுகளின் பாடங்கள் 1905இல் 'எபிகிராபியா கர்நாடிகா' ஒன்பதாம் தொகுதியில் வெளிவந்தன.

மழையில் நனைந்த கல் கறுத்துத் தோன்றுவதும் ஒளியின் செயலே. நீர் நுண்பள்ளங்களை நிரப்புவதால் மேற்பரப்பில் சிதறல் குறைகிறது. கூடுதலான ஒளி கல்லினுள் புகுந்து உட்கவரப்படுகிறது.

செய்து பார்க்க: களிமண் பலகையில் உம் பெயரைக் கீறி உலர்த்துக. இருட்டறையில் கைவிளக்கை முதலில் நேராகவும், பின்பு பக்கவாட்டிலும் பிடித்துப் பார்த்து, கண்ட வேறுபாட்டை ஐந்து வரிகளில் எழுதுக.