வலி போனாலும் மாத்திரையை விடாதீங்க!



ஒரு குழுக் கூட்டத்தில் உறுப்பினர் அக்கா ஒருவர் சுவரைப் பிடித்தபடி மெதுவாக வந்து உட்கார்ந்தார். முதுகெலும்பில் நாடாப்புழுக் கட்டி வந்து ஆபரேஷன் செய்துகொண்டவர். "இப்ப வலி இல்லை மேடம், அதான் மாத்திரையை நிறுத்திட்டேன்" என்றார். அதனால்தான் இந்த மாதம் இந்தப் பாடம்.

இது என்ன நோய்?

நாயின் குடலில் 3 முதல் 6 மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு நாடாப்புழு வாழ்கிறது. அதன் முட்டைகள் நாயின் மலத்தோடு வெளியேறி மண், புல், கீரை, நாயின் ரோமம் எல்லாவற்றிலும் ஒட்டும். புல் மேயும் ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் அது நீர்க்கட்டியாக வளரும். அந்த ஈரலை நாய் பச்சையாகத் தின்றால் நாய்க்கு மறுபடியும் புழு. கை கழுவாமல் சாப்பிடும்போது முட்டை நம் வயிற்றுக்குள்ளும் போய்விடுகிறது.

மனிதருக்குப் பெரும்பாலும் ஈரலில், அடுத்து நுரையீரலில் கட்டி வரும். எலும்பில் வருவது 100 பேரில் நாலு பேருக்கு மேல் இல்லை. அதில் சுமார் பாதி முதுகெலும்பில்தான்.

எப்படித் தெரியும்?

பல வருஷம் ஒன்றும் தெரியாது. பிறகு தீராத முதுகுவலி, கால் மரத்துப்போதல், நடையில் தளர்ச்சி வரும். எலும்பு டி.பி. போலவே தோன்றும். அதனால் வீட்டில் ஆடு, நாய் இருப்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். எண்ணெய் போட்டு நீவிவிடுவது வேண்டாம். கால் செயலிழந்தாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஏன் மாத்திரையை நிறுத்தக்கூடாது?

ஈரலில் கட்டியைச் சுற்றி உறை உண்டு. எலும்பில் அந்த உறை கிடையாது. அறுகம்புல் வேர் மாதிரி எலும்பின் சின்னச் சின்ன இடுக்குகளில் ஓடிவிடும். ஆபரேஷனில் கண்ணுக்குத் தெரிந்ததை எடுப்பார்கள். ஒரு துணுக்கு மிச்சமிருந்தாலும் திரும்ப வளரும். அதற்காகத்தான் ஆல்பெண்டசோல் மாத்திரையை மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் தருகிறார்கள்.

* சாப்பாட்டோடு சாப்பிடுங்கள். அதில் கொஞ்சம் எண்ணெய், நெய் இருந்தால் மருந்து நன்றாக உடம்பில் சேரும்.
* டாக்டர் சொன்ன தேதியில் ரத்தப் பரிசோதனை அவசியம். ஈரலும் ரத்த அணுக்களும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.
* கண் மஞ்சளானாலோ, காய்ச்சலும் தொண்டைவலியும் வந்தாலோ உடனே காட்டுங்கள்.
* கர்ப்பமாக இருந்தாலும், குழந்தைக்குத் திட்டமிட்டாலும் முன்கூட்டியே சொல்லுங்கள்.
* வலி போனாலும் ஸ்கேனுக்குப் போங்கள்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கொடுப்பதும் இதே மருந்துதான். ஆனால் ஒரே ஒரு மாத்திரையில் இந்த நோய் தீராது.

ஒட்டிக்குமா?

ஒட்டாது. அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கத் தேவையே இல்லை.

நாம் செய்ய வேண்டியது

"ஆடு வெட்டினா குடலும் ஈரலும் நாய்க்குத்தானே போடுவோம்?" என்று ஒரு சகோதரி கேட்டார். அங்கேதான் சங்கிலியை அறுக்க வேண்டும். கோயில் கிடா வெட்டானாலும் சரி, வீட்டு விசேஷமானாலும் சரி, கட்டி உள்ள உறுப்பை நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைத்துவிடுங்கள். வளர்ப்பு நாய்க்குக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு, நாடாப்புழுவுக்கான பிராசிகுவாண்டல் மருந்தைத் தவறாமல் கொடுங்கள். நாயைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கீரையை நன்றாக அலசுங்கள்.

அந்த அக்காவோடு மறுநாளே இரண்டு உறுப்பினர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் மாத்திரையை மறுபடி எழுதிக் கொடுத்தார். அடுத்த ஸ்கேன் தேதி இப்போது குழுவின் தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது.

குழுக் கூட்டத்தில் பேச:

1. நம் ஊரில் ஆடு வெட்டும் இடத்தில் கழிவு எங்கே போகிறது?
2. நீண்ட நாள் மருந்து சாப்பிடும் உறுப்பினர் நம் குழுவில் உண்டா? துணைக்குப் போவது யார்?
3. அவருடைய கடன் தவணைக்குக் குழு எப்படி உதவலாம்?